ஏ.சி. நாற்றமும் வியாபார நாணயமும்

வாகனம் வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள், பதிவுப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். மூக்கைப் பாவிப்பவர்கள் குறைவு. நானும் அப்படித்தான் ஒரு முறை ஏமாந்தேன்.

கடைச் சாமான் ஏற்றவும் குடும்பப் பயணத்துக்குமாக ஒரு பழைய வேன் வாங்கினேன். பார்க்கப் போன அன்று உள்ளே நல்ல வாசம். கண்ணாடியில் வாசனைப் போத்தல் ஒன்று தொங்கியது. சுத்தமான மனிதர் வைத்திருந்த வண்டி என்று எண்ணிக்கொண்டேன். மூன்றாம் நாள் போத்தலின் வாசம் குறைந்ததும் உண்மை வெளியே வந்தது. ஏ.சி.யைப் போட்டவுடன் ஈரச் சாக்கு நாற்றம், அதன் பின்னால் மீன் வாடை. வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

உட்துறைமுக வீதிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பாஸிடம் கொண்டுபோனேன். அவர் டேஷ்போட்டைக் கழற்றவில்லை. முன் சீட்டின் காலடியில் கார்ப்பட்டைத் தூக்கி ஒரு மூலையைப் பிழிந்தார். தண்ணீர் வடிந்தது. "நானா, இதுக்கு வாசனை அடிக்க வேணாம். முதல்ல தண்ணிய வெளியேற்றுங்க" என்றார்.

அவர் சொன்ன விளக்கம் இதுதான். குளிர்ந்த சோடாப் போத்தலின் வெளியே நீர் வேர்ப்பது போல, ஏ.சி.யின் குளிர்க் கொயிலிலும் நீர் வேர்க்கும். எமது திருமலையின் கடற்காற்றில் ஈரம் அதிகம், ஆகவே நீரும் அதிகம். அது ஒரு சிறு குழாய் வழியாக வண்டிக்கடியில் சொட்ட வேண்டும். தூசு அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கும். ஈரம், தூசு, இருட்டு மூன்றும் சேர்ந்த இடத்தில் பூஞ்சணமும் கிருமிகளும் வளரும். அதன் நாற்றத்தைத்தான் காற்று எம் முகத்தில் அடிக்கிறது. ஏ.சி. போட்டு நிறுத்திய வாகனத்தின் கீழே நீர் சொட்டவே இல்லையென்றால் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். பின்பக்க ஏ.சி. உள்ள வேன்களில் அங்கும் ஒரு கொயில் உண்டு. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

குழாயைத் துப்புரவு செய்து, கொயிலுக்கென்றே விற்கும் நுரை மருந்தால் கழுவி, காற்று பில்டரை மாற்றினார். கார்ப்பட்டைக் கழற்றி இரண்டு நாள் வெயிலில் போட்டோம். மீன் வாடைக்குத் தரையை வினாகிரி கலந்த நீரால் துடைத்தோம். மீன் வெட்டிய கைக்கு எமது பெண்கள் தேசிக்காய் தேய்ப்பதும் இதே காரணத்துக்குத்தான்; புளிப்பு அந்த வாடையை முறிக்கும். ஆனால் குளோரின் திரவத்தைக் கொயிலில் ஊற்றக் கூடாது, அலுமினியத்தை அரித்துவிடும்.

நாற்றம் திரும்பி வராமலிருக்க ஒரு சின்னப் பழக்கம் போதும். போய்ச் சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏ.சி.யை நிறுத்தி, வெளிக்காற்றைத் திறந்து, காற்றாடியை மட்டும் ஓட விடுங்கள். கொயில் காய்ந்துவிடும். இன்னொன்று: இனிப்பான வாடை வந்தால் அது ரேடியேட்டர் கூலன்ட் கசிவாக இருக்கலாம். பெற்றோல், புகை, கருகல் வாடை வந்தால் உடனே வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய வாகனங்களே கைமாறின. பிறகு 2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளம் மூதூர், கிண்ணியாப் பக்கமெல்லாம் புகுந்தது. வெள்ளத்தில் நின்ற வாகனமும் கழுவிப் பூசினால் சந்தைக்கு வரலாம். வாங்கும்போது வாசனைப் போத்தலை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடிகளை மூடி ஏ.சி.யைப் போட்டு முதல் காற்றை முகருங்கள். கார்ப்பட்டைத் தூக்குங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை அதில் தங்கியிருக்கும்.

இனி என் கதையின் மிச்சம். சில வருடம் கழித்து அந்த வேனை விற்க வேண்டி வந்தது. மாரி காலம். பழைய கார்ப்பட்டிலிருந்து மீண்டும் இலேசாக வாடை எழும்பியது. "வாப்பா, ஒரு வாசனைப் போத்தல் கட்டிவிடுவமா?" என்று மகன் கேட்டான். என் மனமும் ஒரு கணம் அதற்கு இணங்கியது என்பதை ஒளிக்க மாட்டேன்.

அப்போது நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட சம்பவம் நினைவுக்கு வந்தது. மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். ஈரத்தை மேலே வைத்திருந்தால் மக்கள் பார்த்திருப்பார்களே என்று கேட்டு, மோசடி செய்பவரைத் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். எனது கார்ப்பட்டின் ஈரத்துக்கும் அந்தக் குவியலின் ஈரத்துக்கும் என்ன வித்தியாசம்? மறைத்து விற்ற குறைக்காகப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது எமது மார்க்கச் சட்டம். கடைத்தெருவில் உள்ள எமக்கு இது தெரியாததல்ல.

வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கார்ப்பட்டையும் தூக்கிக் காட்டினேன். அவர் இருபத்தையாயிரம் ரூபா குறைத்துத்தான் வாங்கினார். அது எனக்கு நட்டம்தான். ஆனால் ஜும்ஆவுக்கு வரும்போது அவரைக் கண்டால் நான் வேறு வாசலைத் தேட வேண்டியதில்லை.

எமது வியாபாரங்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.