முதலில் ரசம்

பாகான் செராயிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளை போன் செய்தால், "சாப்பிட்டியா? எங்க சாப்பிட்ட?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதுதான் சிரமம். பிரிக்பீல்ட்ஸில் இறங்கினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வாழையிலைக் கடை. 2010 அக்டோபரில் அந்தப் பகுதி ‘லிட்டில் இந்தியா’ ஆன பிறகு விளக்கும் பலகையும் இன்னும் கூடிவிட்டன. இதில் நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கள் ஊரில் அந்தக் கவலை இல்லை. சாம்பார் இன்று புளித்துப் போயிருந்தால், சாயங்காலம் கோயிலில் கடைக்காரர் காதில் அது விழுந்துவிடும். சமைப்பவர் யார், எந்தத் தோட்டத்தில் பிறந்தவர் என்பதுவரை தெரியும். பட்டணத்தில் அந்தக் காவல் கிடையாது. அங்கே நாக்கைத்தான் நம்ப வேண்டும்.

கடை தனியாகக் காசு வாங்காத பொருள்களை வைத்து அந்தக் கடையை எடை போடுங்கள் என்பேன். நண்டுப் பிரட்டலில் ஏதாவது குறை இருந்தாலும் மசாலா அதை மறைத்துவிடும். சோறு, ரசம், கீரை, மோர் இவற்றுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. நேப்பிள்ஸ் நகரத்தில் பீட்சாக் கடையை மார்கரீட்டாவை வைத்து அளப்பதும் இதனால்தான். மாவு, தக்காளி, பாலாடைக்கட்டி, திருநீற்றுப்பச்சை இலை. அவ்வளவுதான் அதில் இருப்பது. கை சரியில்லை என்றால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

நமக்கு அந்த மார்கரீட்டா, வெறும் சோறுதான்.

சோற்றைப் பற்றி, பாகான் செராய் இருக்கும் கிரியான் மாவட்டத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகப் பேச உரிமை உண்டு. குராவ் ஆற்றைத் தடுத்துப் புக்கிட் மேராவில் ஏரி கட்டி, 1906இல் முடிந்த நீர்ப்பாசனத் திட்டம்தான் எங்களைச் சுற்றியுள்ள வயல்களுக்குத் தண்ணீர் தந்தது. ஆனால் இங்கே விளைவது பச்சரிசியாகத்தான் கடைக்கு வருகிறது. வாழையிலையில் விழும் புழுங்கல் அரிசி பெரும்பாலும் கப்பலில் வருவது. நம் முன்னோர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு ருசி மட்டும் காரணமில்லை என்று பின்னால் தெரிய வந்தது. நூறாண்டுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபோது, தோட்டத்துத் தமிழரை அது அவ்வளவாக அண்டவில்லை. தீட்டிய வெள்ளை அரிசிக்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1907இல் பிராடன் என்ற மருத்துவர் நூலாக எழுதினார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் 1909இல் அதைச் சோதனையில் காட்டினார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. லயத்து அடுப்பில் வெந்த சோறு நம்மைக் காப்பாற்றியிருக்கிறது!

2023 ஜூலையில் இந்தியா, பாஸ்மதி அல்லாத பச்சரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு வரி போட்டது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி வெள்ளை அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்குத் தாவியது. அந்த மாதங்களில் சில கடைகளில் சோறு மாறியதை நான் சாப்பிட்டுப் பார்த்தேன். குழைந்து, இலையில் ஒட்டிக்கொண்டு, குழம்பை உறிஞ்சாமல் கிடந்தது. அரிசியை மாற்றாமல், விலையைக் கொஞ்சம் ஏற்றி, அதை நேராகச் சொன்ன கடைக்காரர்களும் இருந்தார்கள். நான் இன்றும் போவது அவர்களிடம்தான்.

ரசத்துக்கு வருவோம். மிளகு, சீரகம், பூண்டு மூன்றையும் தட்டிப் போட்டு, நுரை கட்டி வரும்போது இறக்கியிருக்க வேண்டும். காலையில் வைத்ததை நாளெல்லாம் கொதிக்கவிட்டால் அது கஷாயம். தம்ளரைக் கிட்டே கொண்டுபோகும்போதே மிளகின் வாசம் வர வேண்டும். புளிப்பு மட்டும் முன்னால் வந்தால், நான் அங்கே மீன் கேட்க மாட்டேன்.

மதியம் 12 மணிக்குப் போய்ப் பாருங்கள், மூன்று மணிக்கும் ஒரு நாள் போய்ப் பாருங்கள். மூன்று மணிக்குக் கீரை தீர்ந்துவிட்டது என்று சொல்லும் கடை எனக்குப் பிடிக்கும். அன்றைய கீரையை அன்றைக்கே வாங்கிச் சமைக்கிறார்கள் என்று பொருள்.

மற்றவற்றைச் சட்டமே சொல்லித்தருகிறது. ஊராட்சி மன்றம் தந்த சுத்தத் தரச் சான்று, ஏ, பி, சி எதுவென்று சுவரில் பாருங்கள். உணவைக் கையாள்பவர் டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது விதி. விலையை எழுதி வைப்பதும் கடைக்காரரின் கடமை. மீனுக்கும் இறாலுக்கும் விலை எழுதவில்லையா, இலையில் விழுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பட்டணத்தில் இருக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த முறை புதிய கடையில் உட்கார்ந்தால் நண்டையும் ஆட்டையும் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். ஒரு கைப்பிடி வெறும் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து, முதலில் அதைச் சாப்பிட்டுப் பாருங்கள்.