குதிரை வரையுமுன் ஒரு கடிதம் வாங்குங்கள்

வரவேற்பறையில் ஏழு குதிரைப் படம் மாட்டினால் தொழில் ஓடும் என்று யாரோ கிளப்பிவிட்டதிலிருந்து குதிரை ஓவியத்துக்குக் கிராக்கி குறையவே இல்லை. ஆனால் குதிரையை எதிரே நிறுத்தி வரையும் வசதி எத்தனை ஓவியர்களுக்கு வாய்க்கும்? ஓடுகிற குதிரை நிற்காது. நிற்கிற குதிரையும் ஒரு நிமிடம் அசையாமல் இருக்காது. அதனால் கூகுளில் தேடுகிறார்கள். பிடித்த புகைப்படத்தை இறக்கி, கட்டம் போட்டு, கேன்வாஸுக்கு மாற்றுகிறார்கள். ஓவியம் விலைபோகிறது, பிரதிகள் ஃபிரேம் கடைக்குப் போகின்றன. பிறகு ஒருநாள் புகைப்படக்காரரின் வக்கீல் நோட்டீஸ் வந்து சேர்கிறது.

நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஓவியர்கள் சொல்லும் சமாதானங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். "நெட்டில் சும்மா கிடைத்தது." "நான் கையால் வரைந்தேன், ஜெராக்ஸ் எடுக்கவில்லை." "வெள்ளைக் குதிரையைக் கறுப்பாக்கிவிட்டேன்." "முப்பது சதவீதம் மாற்றினால் போதும் என்றார்கள்." இவற்றில் எதுவும் நிற்காது. முப்பது சதவீத விதி என்று பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. இந்தக் கதையை ஓவிய வகுப்புகளிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதுதான் கொடுமை.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, புகைப்படத்தின் படைப்பாளி அதை எடுத்தவர். பதிவு செய்யாவிட்டாலும், மூலையில் பெயர் போடாவிட்டாலும் உரிமை உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமை அவர் வாழ்நாள் முழுவதும், இறந்த பின் மேலும் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. படத்தை "எந்தப் பொருள் வடிவிலும்" மறுஆக்கம் செய்யும் உரிமையைப் பிரிவு 14 அவருக்கே தருகிறது. எண்ணெய் வண்ணமும் ஒரு வடிவம், கரிக்கோலும் ஒரு வடிவம்.

அதற்காக, பாய்ந்தோடும் குதிரை என்ற எண்ணத்தை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. எண்ணத்துக்கு உரிமை இல்லை, அது வெளிப்பட்ட வடிவத்துக்கே உரிமை என்பதை உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978லேயே சொல்லிவிட்டது. சிக்கல் வேறிடத்தில். கிட்டத்தில் நின்று அகலக் கோண லென்ஸில் எடுத்தால் குதிரையின் மூக்கும் தலையும் பெருத்து, பின்னங்கால்கள் குறுகித் தெரியும். கட்டம் போட்டு வரைபவர் அந்தக் கோளாறையும் சேர்த்தே வரைகிறார். முறுக்கிக்கொண்ட கன்னவார், பின்னால் மடிந்த ஒற்றைக் காது, முன்குளம்படியில் தெறித்த மண் என அந்த ஒரு நொடிக்கே உரியவை எல்லாம் கேன்வாஸில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு சாட்சி தேவையில்லை.

இந்தத் தகராறு புதிதுமல்ல. 1878ல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையை வரிசையாகப் படமெடுத்தார். 1882ல் அவருக்குப் பணம் கொடுத்த லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் ஆதரவில் வந்த புத்தகம், அந்தப் படங்களைப் பார்த்து வரைந்த சித்திரங்களால் நிரம்பியிருந்தது. மைபிரிட்ஜுக்கு உரிய பெயர் தரப்படவில்லை. வழக்குப் போட்டும் அவர் ஜெயிக்கவில்லை. இன்று காற்று வேறு பக்கம் வீசுகிறது. புகைப்படக் கலைஞர் ஜிங்னா ஜாங்கின் படத்தைப் பார்த்து வரைந்த ஓவியம் ஒன்று லக்ஸம்பர்கில் பரிசு பெற்றது. கீழ் நீதிமன்றம் ஓவியர் பக்கம் நின்றது. 2024ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி ஜாங்குக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அது மனித உருவம்தான். குதிரையானாலும் கேள்வி அதேதான்.

எல்லாமே தடையா என்றால், இல்லை. வீட்டில் பயிற்சிக்காக வரைவது பிரிவு 52ல் வரும் நியாயமான தனிப்பட்ட பயன்பாடு. அதை இன்ஸ்டாகிராமில் ஏற்றி விலை கேட்கும்போது அந்தக் குடை மடங்கிவிடும். அண்ணா சாலையில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் மன்றோ சிலையையோ, ஊர் எல்லையில் நிரந்தரமாக நிற்கும் அய்யனார் குதிரையையோ நேரில் பார்த்துத் தாராளமாக வரையலாம். பொது இடத்துச் சிற்பங்களுக்கு அதே பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் அந்தச் சிலையை இன்னொருவர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் புகைப்படக்காரரின் உரிமை குறுக்கே வரும். பஸ் ஏறிப் போய் நீங்களே நாலு படம் எடுத்துக்கொண்டால் தொல்லை இல்லை. எம்.எஃப். ஹுசைனின் குதிரைகளைப் பார்த்து வரைந்து விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவர் இறந்தது 2011ல். உரிமை 2071 முடியும் வரை இருக்கிறது.

இனி, செய்ய வேண்டிய வேலை. தூரிகையைத் தொடுவதற்கு முன் புகைப்பட உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் கட்டைவிரல் குறியை நம்பிக் களத்தில் இறங்காதீர்கள். பிரிவு 30 உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. முத்திரைத்தாள் தேடி அலைய வேண்டாம், ஒரு பக்கக் கடிதம் போதும். எந்தப் படம் என்று தெரிய அதன் சிறு பிரதியை ஒட்டுங்கள். என்ன ஊடகம், என்ன அளவு, ஓர் அசல் மட்டுமா, அச்சுப் பிரதிகளும் உண்டா, உண்டென்றால் எத்தனை, காலண்டர், டி-ஷர்ட் போன்றவற்றில் போடலாமா, தொகை எவ்வளவு, புகைப்படக்காரர் பெயரை எங்கே குறிப்பிடுவது என எல்லாம் அதில் வரட்டும்.

காலமும் இடமும் எழுத மறந்துவிடாதீர்கள். காலம் குறிக்காவிட்டால் உரிமம் ஐந்து ஆண்டுக்குத்தான். இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வேறு விதமாக எழுதிக்கொள்ளாத பட்சத்தில், ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமம் காலாவதியாகிவிடும். துபாய்க்கு ஓவியம் அனுப்புகிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

கடிதம் யாரிடம் வாங்குவது என்பதிலும் தப்பு நடக்கிறது. "என் குதிரை, என் படம், வரையுங்கள்" என்று குதிரைக்காரர் சொல்வார். குதிரை அவருடையதாக இருக்கலாம். பந்தயத் திடலில் வேறொருவர் தானாக எடுத்த படம் அவருடையது ஆகாது. அவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பிரிவு 17ன்படி பொதுவாக அவரே முதல் உரிமையாளர். எது என்று கேளுங்கள், ரசீதையும் பாருங்கள்.

அதே பிரிவு ஓவியருக்கும் ஒரு பள்ளம் வைத்திருக்கிறது. ஆர்டர் கொடுத்து, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் முதல் உரிமையாளர் ஆர்டர் கொடுத்தவரே. பிரதி போட்டு விற்கும் உரிமை வேண்டுமானால், "பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்" என்ற ஒற்றை வரியை ஆர்டர் சீட்டில் எழுதி, முன்பணம் வாங்கும்போதே கையெழுத்து வாங்குங்கள். பாதி ஓவியம் முடிந்த பிறகு கேட்டால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

இலவசப் பட இணையதளங்களை நம்புபவர்கள் உரிமத்தைப் படித்துவிட்டு இறக்க வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸில் 'என்சி' என்றிருந்தால் வணிகத்துக்கு ஆகாது. 'என்டி' என்றிருந்தால் மாற்றியமைத்ததை வெளியிடக் கூடாது, ஓவியமும் அதில் சிக்கும். உரிமம் தெரியும் பக்கத்தைத் தேதியுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஓவியத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் தகராறு வந்தால் பதிவேடு முதல்நோக்குச் சான்றாகும். டெல்லி துவாரகாவில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் படிவம் 14ஐ நிரப்ப வேண்டும். கலைப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், சரக்குகளில் பயன்படுவதானால் 2,000. டைரி எண் கிடைத்தபின் 30 நாள் ஆட்சேபத்துக்காகக் காத்திருக்க வேண்டும். கூடவே வரும் விவரப் பட்டியலில், இது அசல் படைப்பா, பதிப்புரிமை உள்ள வேறொன்றின் தழுவலா என்று ஒரு கேள்வி இருக்கிறது. தழுவலானால் மூலப் படைப்பாளியின் பெயரும் அனுமதி விவரமும் தர வேண்டும். பலர் கண்ணை மூடிக்கொண்டு 'அசல்' என்று குறித்துவிடுகிறார்கள். அலுவலகம் கூகுளில் தேடிப் பார்த்துச் சான்றிதழ் தருவதில்லை. பொய்யாகக் குறித்தது நீதிமன்றத்தில் உங்கள் கழுத்தைத்தான் இறுக்கும்.

நோட்டீஸ் வந்துவிட்டதா? முதலில் விற்பனையை நிறுத்துங்கள். மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: விற்பனையை நிறுத்துங்கள். உரிமை இருப்பது தெரியாது, தெரிந்துகொள்ளக் காரணமும் இல்லை என்று நிரூபித்தால், தடையாணையோடும் ஈட்டிய லாபத்தில் நீதிமன்றம் சொல்லும் பங்கோடும் போகலாம். நோட்டீஸ் கிடைத்த பிறகும் விற்றால் 'தெரியாது' என்று வாயைத் திறக்க முடியாது. தெரிந்தே மீறுவது பிரிவு 63ன்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் தரக்கூடிய குற்றம். அதில் போலீஸ் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீனும் உரிமையாகக் கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2022ல் சொல்லியிருக்கிறது. நோட்டீஸைக் கிழித்துப் போடும் வீரம் வேண்டாம். வக்கீலுக்கு வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100. பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் வருமான வரம்பு இல்லாமலே இலவச உதவி உண்டு.

உங்கள் ஓவியத்தையே வேறொருவர் இணையத்தில் விற்கிறாரா? அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முகவரி இணைப்பு, நீங்கள்தான் உரிமையாளர் என்பதற்கான ஆதாரம், 21 நாளில் நீதிமன்ற உத்தரவு பெற்றுத் தருவேன் என்ற உறுதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். தளம் 36 மணி நேரத்தில் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளில் உத்தரவு போய்ச் சேராவிட்டால் படம் மறுபடி மேலேறலாம். வழக்கை நீங்கள் குடியிருக்கும் ஊர் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், எதிரியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. இழப்பீடு கேட்பதானால் மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கேட்டுவிடுங்கள்.