உட்கோப்புறையிலிருந்து இணையதளத்தை வழங்குதல்: அப்பாச்சி மறுஎழுத்து விதிகளும் மேற்கோள் முகவரிகளின் நிலைபேறும்

முன்னுரை

ஆய்விதழ் ஒன்றின் இணைய முகவரி, ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் நிலைபெற்றுவிடுகிறது. இதழைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும்போது கோப்புகள் பலவேளைகளில் ஓர் உட்கோப்புறையில் நிறுவப்படுகின்றன. முகவரியும் உடன் மாறினால், முன்னர் அளிக்கப்பட்ட மேற்கோள்கள் பயனற்றுப்போகும். கோப்புகளின் இடம் மாறினும் முகவரி மாறாமல் காக்கும் முறையை அப்பாச்சி வழங்கியின்வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மறுஎழுத்தும் திசைமாற்றமும்

ரால்ஃப் எங்கல்ஷால் 1996இல் உருவாக்கிய ‘மாட் ரீரைட்’ என்னும் கூறு இருவகைப் பணிகளைச் செய்கிறது. மறுஎழுத்து, வழங்கிக்குள்ளேயே நிகழ்வது. வாசகர் காணும் முகவரி மாறாது. திசைமாற்றம், புதிய முகவரியை நாடுமாறு உலாவிக்கு அறிவிப்பது. 301 என்னும் குறியீடு அம்மாற்றம் நிரந்தரமானது என்பதை உணர்த்தும். இவ்விரண்டின் வேறுபாட்டை அறிவதே முதற்படியாகும்.

விதிகளின் அமைப்பு

கோப்புகள் ‘ஜர்னல்’ என்னும் உட்கோப்புறையில் உள்ளன எனக் கொள்வோம். தளத்தின் மூலக்கோப்புறையிலுள்ள ‘எச்.டி. அக்சஸ்’ கோப்பில் ‘ரீரைட் எஞ்சின்’ கட்டளையால் கூறினை இயக்க வேண்டும். அடுத்து, ‘ரீரைட் ரூல்’ கட்டளை வரும் பாதைக்கு முன் ‘ஜர்னல்’ என்பதைச் சேர்க்கும். இக்கோப்பில் எழுதப்படும் விதி, பாதையின் முதற்சாய்கோட்டை நீக்கியே ஒப்பிடும் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

மறுஎழுதப்பட்ட பாதை மீண்டும் அதே விதிகளுக்கு உட்படும். ஆகவே, ‘ஜர்னல்’ எனத் தொடங்காத பாதைகளுக்கு மட்டும் விதி பொருந்துமாறு ‘ரீரைட் காண்ட்’ நிபந்தனையை முன்னே அமைத்தல் வேண்டும். உட்கோப்புறையில் தனி விதிகள் இல்லாத நிலையில் இந்நிபந்தனையும் விடுபட்டால், பாதை முடிவின்றிச் சுழலும். இயல்பமைப்பில் 10 உள்மாற்றங்களுக்குப்பின் வழங்கி 500 என்னும் பிழையைத் தரும்.

இரட்டை முகவரி

இவ்வளவில் ஒரே கட்டுரை, உட்கோப்புறைப் பெயருடனும் அஃதின்றியும் இரு முகவரிகளில் கிடைக்கும். பெயருள்ள முகவரியைப் பெயரற்றதற்கு 301 வழித் திசைமாற்றுதல் இதற்குத் தீர்வாகும். அதன் நிபந்தனை, மறுஎழுத்தால் மாறாத ‘தி ரிக்வெஸ்ட்’ மாறியை, அதாவது உலாவி அனுப்பிய மூல வேண்டுகோளைச் சோதிக்க வேண்டும். அன்றேல் இரு விதிகளும் ஒன்றையொன்று மறுத்து வாசகரை அலைக்கழிக்கும். உலாவிகள் 301ஐத் தேக்கிவைப்பதால், சோதனைக் காலத்தில் 302ஐப் பயன்படுத்துதல் நலம்.

தமிழ் முகவரிகள்

‘தமிழ்’ என்னும் சொல் ஒருங்குறியில் 5 குறியிடங்களாகவும், யு.டி.எஃப்-8 முறையில் 15 பைட்டுகளாகவும் அமைவது. முகவரியில் அது விழுக்காட்டுக் குறிகளுடன் 45 எழுத்துருக்களாக நீளும். ‘ரீரைட் ரூல்’ இவ்வடிவத்தை மீட்டெடுத்த பின்னரே ஒப்பிடுவதால் விதியைத் தமிழ் எழுத்துகளிலேயே எழுதலாம். மூல வேண்டுகோளோ மீட்டெடுக்கப்படாத வடிவிலேயே இருக்கும்.

முடிவுரை

கோப்பின் இருப்பிடம் நிருவாகம் சார்ந்தது. முகவரி ஆய்வுலகிற்கு அளிக்கப்பட்ட உறுதி. சில வரி விதிகள் இவ்விரண்டையும் பிரித்து நிறுத்துகின்றன. இடமாற்றத்திற்குமுன் பழைய முகவரிகளைப் பட்டியலிட்டு, மாற்றத்திற்குப்பின் ஒவ்வொன்றையும் சோதித்தல் இதழாசிரியர்தம் கடமையாகும்.