நான்கு ஞாயிறு, இருபத்தெட்டு ஆண்டு

கிறிஸ்தவத் திருச்சபையின் ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் எந்த ஞாயிறு வருகிறதோ அதுவே அதன் முதல் நாள். அன்று தொடங்கிக் கிறிஸ்துமஸ் வரை நான்கு ஞாயிறுகள் கொண்ட காலத்தைக் கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்பர், தென்னிந்தியத் திருச்சபையாரிடம் (சி.எஸ்.ஐ.) அட்வென்ட் என்ற பெயரும் புழங்குகிறது. மதுரையில் இந்த நாட்கள் கார்த்திகை நடுவில் தொடங்கி மார்கழிக்குள் நுழையும். வடகிழக்குப் பருவமழை பெய்ததா, ஏமாற்றியதா, கண்மாய் நிறைந்ததா என்பதெல்லாம் ஏறக்குறையத் தெரிந்துவிடும் நேரம் அது.

கத்தோலிக்க வழிபாட்டில் குருவின் அங்கி ஊதாவுக்கு மாறுகிறது. ஞாயிறு திருப்பலிகளில் வானவர் கீதம் பாடப்படுவதில்லை. ஆனால் அல்லேலூயா நிற்பதில்லை. தவக்காலத்தில் அதுவும் நின்றுவிடும் என்பதால், இக்காலத்தை முழுத் துக்கத்தோடு சேர்த்துவிட முடியாது. பலர் கவனிக்காத ஒரு செய்தியும் உண்டு. முதல் ஞாயிற்றின் வாசகங்கள் பெத்லகேம் குழந்தையைப் பேசுவதே இல்லை. உலகத்தின் முடிவையும் கிறிஸ்துவின் இரண்டாம் வருகையையும்தான் பேசுகின்றன. டிசம்பர் 17 முதல்தான் பிறப்பு நிகழ்ச்சிகள் முன்னுக்கு வருகின்றன. நடந்து முடிந்த ஒன்றைக் கொண்டாடுவதற்கு முன், இன்னும் நடக்காத ஒன்றுக்காகக் காத்திருக்கப் பழக்குவதே இந்த வரிசையின் நோக்கம். டிசம்பர் பிறந்ததும் வாசலில் நட்சத்திரம் ஏறிவிடுகிறது, கேரல் குழு தெருவுக்குள் வந்துவிடுகிறது. நடைமுறையில் காத்திருப்பு பண்டிகைக்குள் கரைந்துபோகிறது. அதில் மகிழ்ச்சி உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் இரண்டு ஞாயிறுகளும் சொல்ல வந்தது காதில் விழாமல் போய்விடுகிறது.

பசுமை வளையத்தில் வாரம் ஒன்றாக மெழுகுவத்தி ஏற்றும் வழக்கம் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1839இல் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றை நடத்திய லுத்தரன் போதகர் யோகான் ஹின்ரிக் விகர்ன், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காகச் செய்த மெழுகுவத்தி வளையத்திலிருந்து பிறந்தது அது.

மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு. அன்று ரோஜா நிற அங்கி அணியலாம். கத்தோலிக்க வாசக ஒழுங்கின் மூன்று ஆண்டுச் சுற்றில், முதலாம் ஆண்டில் இந்த ஞாயிற்றுக்கு வைத்திருக்கும் நற்செய்தி வியப்பளிப்பது. சிறையில் கிடக்கும் திருமுழுக்கு யோவான், வரவேண்டியவர் நீர்தானா, வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஆள் அனுப்பி இயேசுவிடம் கேட்கிறார். பார்வையற்றோர் பார்க்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி சொல்லப்படுகிறது என்று பதில் போகிறது. சிறைக்கதவு திறக்கும் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. யோவான் அங்கேயே கொல்லப்பட்டார். மகிழ்ச்சிக்கென ஒதுக்கிய நாளில் ஐயத்தையும் இடம்பெறச் செய்தவர்கள் காத்திருப்பின் இயல்பை அறிந்தவர்கள்தான்.

அதே நாளின் இரண்டாம் வாசகம் யாக்கோபின் திருமுகத்திலிருந்து வருகிறது. முன்மழைக்கும் பின்மழைக்கும் பொறுத்திருக்கும் பயிர்த்தொழிலாளியை அது எடுத்துக்காட்டாக வைக்கிறது. பாலஸ்தீனத்தில் முன்மழை ஐப்பசி வாக்கிலும் பின்மழை பங்குனி வாக்கிலும் பெய்யும். திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் மானாவாரி விதைப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலூர்ப் பக்கம் 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரை நம்பியது. கடைமடைக்காரர் வானத்தோடு மதகையும் பார்த்திருக்க வேண்டும். உழுது, வரப்பு வெட்டி, விதையை மண்ணுக்குள் போட்டுவிட்டுத்தான் கரிசல்காட்டு விவசாயி மேகம் பார்க்கிறார். கையிலிருந்த தானியம் போய்விட்டது. இனி திரும்ப எடுக்க முடியாது. யாக்கோபு சொல்லும் பொறுமை இத்தகையது.

மதுரைச் சபைகளின் வரலாற்றிலேயே அப்படியொரு நெடுங்காத்திருப்பு உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் 1834இல் மதுரையில் பணி தொடங்கினர். இராமநாதபுரத்திலும் திருநெல்வேலியிலும் ஆங்கிலிக்கன் சபையார் வேரூன்றியிருந்தனர். பிழைப்புக்காக மாவட்டம் மாறிய கிறிஸ்தவர் சபையும் மாற வேண்டியிருந்தது. சபைகளைப் பிரித்த சண்டை ஐரோப்பாவில் நடந்தது, பிரிவினை இங்கே இறக்குமதியானது. 1908இல் மதுரைச் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள், பெரும்பாலும் இந்தியர்கள், எல்லாரும் ஒரே சபையாக வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டனர். முன்னின்றவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர்.

அதன்பின் வந்தவை குழுக்கள், வரைவுகள், திருத்தங்கள். பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத போதகரின் ஊழியம் செல்லுமா என்ற கேள்வியிலேயே ஆண்டுகள் கழிந்தன. 1945 ஜனவரி 1 அன்று அசரியா காலமானார். இணைப்பை அவர் காணவில்லை. விடுதலைக்கு ஆறு வாரம் கழித்து, 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. தரங்கம்பாடியிலிருந்து இருபத்தெட்டு ஆண்டு.

மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயராக அன்று பொறுப்பேற்ற லெஸ்லி நியூபிகினுக்கு வயது 37. ஸ்காட்லாந்து சபையின் மிஷனரியாகக் காஞ்சிபுரத்தில் இருந்தவர். மதுரையிலிருந்து கிராமம் கிராமமாகச் சுற்றிய அனுபவங்கள் 1951இல் அவரது நாட்குறிப்பு நூலாக வெளிவந்தன. 1954 ஆகஸ்டில் சிகாகோ அருகே எவன்ஸ்டனில் உலகத் திருச்சபைகள் மன்றம் கூடியபோது, கிறிஸ்துவே உலகின் நம்பிக்கை என்பது அதன் கருப்பொருள். அதற்கு முன்தயாரிப்பு செய்த குழுவில் கார்ல் பார்த், எமில் புருன்னர், ரைனோல்ட் நீபூர் ஆகியோருடன் நியூபிகினும் இருந்தார். இறுதிநாளில் கடவுள் நிறைவேற்றுவதே நம்பிக்கை என்றனர் ஐரோப்பியர். இவ்வுலகை இப்போதே திருத்துவதில்தான் அது தெரியும் என்றனர் அமெரிக்கர். திருவருகைக் காலத்தின் இரு பாதிகளும் எதிரெதிரே நின்று வாதாடியதுபோல் இருந்தது அது. திருச்சபை உலகின் எல்லையையும் காலத்தின் முடிவையும் நோக்கி நடந்துகொண்டிருக்கும் மக்கள் கூட்டம் என்று 1953இல் வெளிவந்த நூலில் எழுதியிருந்த நியூபிகினுக்கு, இரண்டில் ஒன்றைக் கைவிட முடியவில்லை.

1947இன் இணைப்பும் முழுமையானதல்ல. தரங்கம்பாடி லுத்தரன் மண். ஆனால் கூட்டம் நடந்த அதே 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இதில் சேரவில்லை. பிந்தைய பேச்சுவார்த்தைகளும் ஒரே சபையில் முடியவில்லை. ஆயினும் 1969இல் மதுரை அரசரடியில் அமைந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரியை சி.எஸ்.ஐ.யும் லுத்தரன் சபைகளும் சேர்ந்தே நடத்துகின்றன. இரு சபைகளின் வருங்காலப் போதகர்களும் அங்கே ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

(தொடரும்)