அகஸ்தீன் கண்ட விடுதலை



பாவம் என்றவுடன் கொலை, கொள்ளை போன்ற பெருங்குற்றங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கிறிஸ்தவப் பேரறிஞரான அகஸ்தீன், தம் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதிய ‘அறிக்கைகள்’ என்னும் நூலில், ஒரு பேரிக்காய்த் திருட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சிந்திக்கிறார்.

அவர் கி.பி. 354-இல் வட ஆப்பிரிக்காவிலுள்ள தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்விடம் இன்று அல்ஜீரியா நாட்டில் அடங்கியுள்ளது. பதினாறாம் வயதில், மேற்படிப்புக்குப் பணம் சேரும்வரை வீட்டில் வேலையின்றி இருக்க நேர்ந்தது. ஓர் இரவு, தோழர்களோடு சென்று அயலார் மரத்தை உலுக்கிக் காய்களை வாரிக்கொண்டு வந்தார். அவருக்குப் பசியில்லை, அவற்றினும் நல்ல காய்கள் அவரிடமே இருந்தன. சிலவற்றைச் சுவைத்துவிட்டு மற்றவற்றைப் பன்றிகளுக்கு எறிந்துவிட்டார்கள். ‘ஏன் செய்தாய்?’ என்று கேட்டால் ‘சும்மா, ஸார்’ என்று தலைகுனிந்த பிள்ளைகளை என் பணிக்காலத்தில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அந்தச் ‘சும்மா’வைத்தான் அகஸ்தீன் விடாமல் துருவுகிறார். தகாத செயல் என்பதே அதற்குச் சுவையூட்டிற்று. தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்கவே மாட்டார். கூட்டாளிகள் நடுவே நல்லவனாக நிற்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

பின்னர் கார்த்தேஜ் நகரில் கல்வி, புகழ், சிற்றின்பம் எல்லாம் வந்தன. மனிகேயர் என்ற சமயத்தாரோடு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பழகினார். தீமை தனியொரு சக்தி என்பது அவர்கள் கொள்கை. ‘பாவம் செய்தவன் நானல்லேன், என்னுள் இருக்கும் வேறொன்று’ என்று சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்ததாம்!

384-இல் சொல்வன்மை ஆசிரியராக மிலான் சேர்ந்தார். அங்கே அத்தியட்சர் அம்புரோசின் பிரசங்கங்களைக் கேட்டு அவருடைய அறிவின் ஐயங்கள் பல நீங்கின. ஆனால் நடத்தை மாறவில்லை. நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மனம் கட்டளையிட்டால் கை உடனே அசைகிறது. அதே மனம் தனக்குத்தானே கட்டளையிட்டால் பணிய மறுக்கிறது. இஃதென்ன விந்தை என்று வியக்கிறார் அவர். இச்சைக்கு இணங்க இணங்க அது பழக்கமாகிறது. பழக்கத்தைத் தடுக்காவிடில் அது கட்டாயமாகிறது. அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் அடித்தவர் அவரே. அறுக்கத்தான் அவரால் இயலவில்லை. ‘நாளைக்கு, நாளைக்கு’ என்று தள்ளிப்போட்டார்.

386-இல் ஒரு நாள் தோட்டத்தில் அமர்ந்து கண்ணீர் வடித்தார். எடுத்து வாசிக்கும்படி ஒரு குழந்தைக் குரல் எங்கிருந்தோ கேட்டது. பவுல் அப்போஸ்தலரின் நிருபங்களைத் திறந்தார். களியாட்டையும் காமத்தையும் களைந்து கிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளுமாறு ரோமருக்கு எழுதிய பகுதி கண்ணிற் பட்டது. மேலும் படிக்க அவர் விரும்பவில்லை. உள்ளத்தில் அமைதி புகுந்தது. 387-ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளில் அம்புரோசிடம் ஞானஸ்நானம் பெற்றார்.

தம் வலிமையால் அறாத சங்கிலி இறைவன் கொடையால் அறுந்தது என்று அவர் நம்பினார். இதனையே கிறிஸ்தவர்கள் கிருபை என்பர். பெலேகியு என்ற துறவி இதனை வன்மையாக மறுத்தார். இவ்வாறு போதித்தால் மக்கள் நன்முயற்சியில் தளர்ந்துவிடுவார்கள் என்பது அவர் கவலை. ஆசிரியனாக இருந்த எனக்கு அக்கவலை நன்கு விளங்குகிறது. ஆயினும், முயன்று முயன்று தோற்று நிற்பவனிடம் ‘இன்னும் முயல்’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது, முடவனை ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும் என்றே கருதுகிறேன்.

அதன்பின் சோதனையே அவரை அணுகவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஹிப்போ நகரின் அத்தியட்சரான பின்னரே அவர் அந்நூலை எழுதினார். அதன் பத்தாம் பகுதியில், உணவின் சுவையும் இசையின் இனிமையும் பிறர் புகழ்ச்சியும் தம்மை இன்னும் இழுப்பதைக் கூறுகிறார். பல்லி ஈயைப் பிடிப்பதைக் கண்டால்கூடத் தம் சிந்தை அதன்பின் ஓடிவிடுகிறதாம். இவற்றுள் எதனையும் அவர் மறைக்கவில்லை. நோயாளி மருத்துவரிடம் புண்ணைக் காட்டுவதுபோல் ஒவ்வொன்றாக இறைவனிடம் எடுத்துக் காட்டிக்கொண்டே போகிறார்.