கல்லும் கல்லறையும்: எண்ணூர் வட்டார வரலாற்றுக்குப் பழைய அடக்கத்தலங்கள் தரும் சான்றுகள்

ஆய்வுச்சுருக்கம்

எண்ணூரை நடுவாகக் கொண்டு, தெற்கே புனித ஜார்ஜ் கோட்டை முதல் வடக்கே பழவேற்காடு வரை நீளும் கடற்கரையின் பழைய அடக்கத்தலங்களை வட்டார வரலாற்றுச் சான்றுகளாக இக்கட்டுரை அணுகுகிறது. கல்லும் கல்லறையும் ஓரிடத்தில் நிலைத்தவை, கல் மட்டும் இடம்பெயர்ந்தவை, கல்லே இல்லாதவை என அவை மூவகைப்படுத்தப்படுகின்றன. மூன்றாம் வகையை விடுத்து எழுதப்படும் வரலாறு, கல் நட வசதி பெற்றோரின் வரலாறாகவே முடியும் என்பது இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எண்ணூர், பழவேற்காடு, கல்லறைக் கல்வெட்டு, மயானப் புறம்போக்கு, வட்டார வரலாறு

1. முன்னுரை

இறந்தோருக்குக் கல் நடுதல் தமிழ் மரபுக்குப் புதியதன்று. காட்சி முதல் வாழ்த்தல் ஈறாக நடுகல்லுக்குரிய ஆறு நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துள்ளது. ஆயினும் அக்கல் போரில் வீழ்ந்த வீரனுக்கு உரியது. எல்லா இறப்பும் கல் பெறவில்லை. எனவே கல்லில் எழுதப்பட்டிருப்பது என்ன என்று கேட்பதோடு, யாருக்குக் கல் எழுந்தது, யாருக்கு எழவில்லை என்றும் ஆய்வாளர் கேட்க வேண்டியுள்ளது. எண்ணூர்க் கடற்கரை இவ்வினாவை ஆராய ஏற்ற களமாகும்.

2. கல்லும் கல்லறையும் நிலைத்த இடம்: பழவேற்காடு

எண்ணூருக்கு வடக்கே, ஏரியும் கடலும் சூழ்ந்த பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1610இல் வணிக நிலையம் அமைத்தனர். 1613இல் கெல்ட்ரியாக் கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமையிடமாக அது விளங்கியது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறியது. 1825இல் பழவேற்காடு நிலையாக ஆங்கிலேயர் வசமாயிற்று.

இன்று கோட்டை சிதைந்துள்ளது. கல்லறைத் தோட்டமோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. அதன் நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. குவிமாட மண்டபங்களும், கூர்நுனித் தூண்களும், எழுத்துப் பொறித்த கற்பாளங்களும் உள்ளே உள்ளன. 1897இல் அலெக்சாண்டர் ரீ வெளியிட்ட, சென்னை மாகாணத்து டச்சு நினைவுச்சின்னங்கள் பற்றிய நூல் இவற்றை ஆவணப்படுத்தியது.

டச்சுக் கல்லறைக் கல்வெட்டுக்குப் பொதுவான அமைப்பு உண்டு. ‘இங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளார்’ என்னும் பொருள்தரும் தொடக்கம், பெயர், பதவி, இறந்த நாள், அகவை என அது அமையும். பல கற்களில் குடும்பச் சின்னமும் இடம்பெறும். கும்பினியின் பணியடுக்கில் இளநிலை வணிகர், வணிகர், முதுநிலை வணிகர் என நிலைகள் இருந்தமையால், பதவிப் பெயரைக்கொண்டு இறந்தவரின் தகுதியை அறியலாம். அகவைகளை ஒருசேர வைத்து நோக்கினால், அயல் நிலத்தில் அவர்தம் வாழ்நாள் எத்தகையது என்பதையும் மதிப்பிடலாம். ஆனால் அவ்வணிகத்தின் உயிர்நாடியான துணியை நெய்தவரும், சரக்கைப் படகில் ஏற்றி இறக்கியவரும், இங்கிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாக அனுப்பப்பட்டவரும் இத்தோட்டத்தின் கற்களில் இடம்பெறவில்லை.

3. இடம்பெயர்ந்த கற்கள்: புனித ஜார்ஜ் கோட்டை

எண்ணூருக்குத் தெற்கே, கோட்டையினுள் உள்ள புனித மரியாள் ஆலயம் 1680இல் திறக்கப்பட்டது. அதன் வளாகத்திலோ 1652ஆம் ஆண்டுக்குரிய எலிசபெத் பேக்கர் என்பவரின் கல் உள்ளது. ஆலயத்தைவிட 28 ஆண்டு மூத்த கல் அங்கு வந்ததற்குக் காரணம் போராகும். ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பின்னர்ச் சட்டக் கல்லூரி எழுந்த நிலத்தில் இருந்தது. 1758–59 முற்றுகையின்போது அங்கிருந்த உயர்ந்த கல்லறைகளைப் பிரெஞ்சுப் படையினர் மறைவிடமாகப் பயன்படுத்தினர். முற்றுகைக்குப்பின் இடுகாடு அகற்றப்பட்டது. எழுத்துடைய பாளங்கள் ஆலய வளாகத்தில் பதிக்கப்பட்டன. உடல்கள் பழைய இடத்திலேயே தங்கின.

ஜோசப் ஹின்மர்ஸும், எலிஹு யேலின் மகன் டேவிட்டும் அடக்கமான நினைவுத்தூண் அப்பழைய நிலத்தில் எஞ்சியவற்றுள் ஒன்று. அதனை இடம்மாற்றுவது குறித்து 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. ஒரு கல் நிற்கும் இடத்தை மட்டும் கொண்டு அங்கே இடுகாடு இருந்தது என முடிவுகட்டலாகாது என்பதை இச்சான்றுகள் உணர்த்துகின்றன. ஜே. ஜே. காட்டன் 1905இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுத் தொகுப்பைக் கையாளும்போதும் கல்லின் வாசகத்தோடு கல் வந்த வழியும் ஆராயப்பட வேண்டும்.

4. கல்லில்லா அடக்கங்கள்: எண்ணூர்

இவ்விரு இடங்களுக்கும் இடையே, கொசத்தலையாறு கடலில் கலக்கும் இடத்தில் எண்ணூர் அமைந்துள்ளது. கும்பினிக் காலத்தில் சென்னை வெள்ளையரின் ஓய்விடமாக இருந்த இவ்வூர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட காக்கிரேன் கால்வாயால் நகரோடு இணைந்தது. பின்னாளில் பக்கிங்காம் எனப் பெயர்பெற்ற அக்கால்வாய் ஓர் ஆளுநரை நினைவூட்டுகிறது. அதை வெட்டியவர்களை நினைவூட்டும் கல் எதுவும் இல்லை.

காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைவீதிக்குப்பம் முதலிய மீனவர் ஊர்களும், கழியை ஒட்டிய உப்பளங்களும் இவ்வட்டாரத்தின் பழைய வாழ்வியலுக்கு அடிப்படையாக இருந்தன. கடற்கரை மணலில் புதைத்த மேடு காற்றாலும் மழையாலும் சில ஆண்டுகளில் மட்டமாகிவிடும். கடலிலேயே மறைந்தவருக்கு அம்மேடும் இல்லை. தெற்கேயுள்ள காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் இடப்பற்றாக்குறையால் குடும்பக் கல்லறைகள் மீண்டும் திறக்கப்படுகின்றன. அங்கே பின்வந்தோரின் பெயரை ஏற்கக் கல்லேனும் உண்டு. மணல் அடக்கத்திற்கு அவ்வாய்ப்பும் இல்லை.

இந்நிலத்தின் மாற்றமும் விரைவானது. அனல்மின் நிலையம் 1970இல் இயங்கத் தொடங்கியது. துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. கத்திவாக்கம் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆற்றுப் படுகையில் சாம்பல் படிந்துள்ளது. கரையைக் கடல் அரிக்கிறது. காட்டுப்பள்ளியில் துறைமுகம் அமைந்தபோது கடலோரக் குப்பம் வேறிடத்திற்கு மாற்றப்பட்டது. வீடுகளை மாற்று நிலத்தில் கட்டிக்கொள்ளலாம். முன்னோரைப் புதைத்த நிலத்தை அவ்வாறு எடுத்துச்செல்ல இயலாது.

5. கல்லுக்கு மாற்றான சான்றுகள்

கல் இல்லாத இடத்தில் மூன்று சான்றுகள் ஆய்வாளருக்கு உதவும். முதலாவது, வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேடும் புலப்படமும் ஆகும். ஒரு புல எண் ‘மயானம்’ எனக் குறிக்கப்பட்டிருப்பின், நில அளவையின்போது அங்கே நிலையான குடியிருப்பு இருந்தது என்பதற்கு அது வலுவான சான்று. பழைய, புதிய பதிவேடுகளை ஒப்பிட்டு, அவ்வகைப்பாடு எப்போது மாறியது என்பதையும் கண்டறியலாம். இரண்டாவது, ஆலயங்களின் அடக்கப் பதிவேடு. சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகளின் படிகள் பிரித்தானிய நூலகத்தில் ‘என்/2’ என்னும் தொகுதியாக உள்ளன. மூன்றாவது, முதியோரின் நினைவு. எந்தத் திசையில் பாடை சென்றது, எந்த மரம் எல்லையாக இருந்தது, எந்த ஆண்டுக்குப்பின் அங்கே புதைப்பது நின்றது ஆகிய வினாக்களுக்கு அவர்கள் தரும் விடைகளைப் புலப்படத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

இம்மூன்றனுள் முதலிரண்டும் ஆவணக் காப்பகங்களில் காத்திருக்கக்கூடியவை. மூன்றாவது அவ்வாறன்று, சொல்லும் தலைமுறையோடு அது மறையும். ஆதலின் களப்பணியில் நேர்காணலுக்கே முதலிடம் தரப்பட வேண்டும்.

6. முடிவுரை

பழவேற்காட்டில் கல் நிலைத்தது. கோட்டையில் கல் நகர்ந்தது. எண்ணூரில் கல் எழவேயில்லை. முதலிரு வகைக்கும் நூறாண்டுக்கு முன்பே பட்டியல்கள் தோன்றின. மூன்றாம் வகைக்கு அத்தகைய பட்டியலை ஊர்தோறும் உருவாக்குவது இன்றைய வட்டார வரலாற்றாய்வின் கடமையாகும். அப்பட்டியல் இறந்தோரின் நினைவைக் காப்பதோடு, இக்கரையில் தலைமுறைகளாக வாழ்ந்து வருவோரின் இருப்புக்குச் சான்றாகவும் அமையும்.