புற்றுநோயும் பிளாட்டினமும்

பிளாட்டினம் என்றதும் நமக்கு நகைக்கடையும் மோதிரமும்தான் நினைவுக்கு வரும். அதே உலோகம் 'சிஸ்பிளாட்டின்' என்னும் மருந்தாகி, புற்றுநோய் மருத்துவமனைகளில் சொட்டுச் சொட்டாக நோயாளியின் இரத்தத்தில் இறங்குகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் சுற்றுப்புறத்திற்கும் பரவிவிட்ட பெண்களுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடக்கும் அதே வாரங்களில், வாரம் ஒருமுறை இம்மருந்தையும் ஏற்றுவது வழக்கம். கடுமையான இரண்டு சிகிச்சைகள் ஒரே சமயத்தில் எதற்கு? ஒன்று முடிந்தபின் மற்றொன்று ஆகாதா?

இம்மருந்தின் குணம் தற்செயலாகவே தெரிய வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்பவர் பாக்டீரியாக்களினூடே மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார். அவை பிளவுபட்டுப் பெருகாமல் நூலிழைபோல் நீண்டுகொண்டே போயின! காரணம் மின்சாரமன்று, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினமே என்று 1965-இல் அவர் குழு வெளியிட்டது. 1978-இல் அந்நாட்டில் அது மருந்தாக அனுமதி பெற்றது.

உயிரணுவிலுள்ள டி.என்.ஏ.யை முறுக்கிய நூலேணி எனக் கொள்வோம். சிஸ்பிளாட்டின் பெரும்பாலும் ஒரே பக்கக் கயிற்றில் அடுத்தடுத்துள்ள இரண்டு குவானின்களைச் சேர்த்துக் கட்டிவிடும். ஏணி அவ்விடத்தில் வளைந்துபோகும். கதிர்வீச்சின் வேலை வேறு. அது கயிற்றை அறுக்கிறது. ஒரு கயிறு மட்டும் அறுந்தால் உயிரணு எளிதில் ஒட்டுப்போட்டுக்கொள்ளும். இரண்டும் அருகருகே அறுந்தால் அதற்குத் தப்புவது கடினம். பிளாட்டினம் கட்டிய இடத்தில் இந்த ஒட்டுப்போடும் வேலையே தடைப்படுகிறது. ஆகவேதான் இரண்டும் ஒருங்கே வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. கதிர் பாயும்போது ஆற்றல் குறைந்த எலக்ட்ரான்கள் ஏராளமாகச் சிதறுகின்றன. அவையும் டி.என்.ஏ.யை அறுக்க வல்லவை என்று கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் லியோன் சான்ஷ் குழுவினர் 2000-இல் காட்டினர். பிளாட்டினம் ஒட்டிய டி.என்.ஏ. மேலும் அதிகமாக அறுபடுவதை 2008-இல் கண்டனர். இவை உடலுக்குள் அல்ல, ஆய்வுக்கூடத்து மெல்லிய படலத்தில் கண்டவை.

நோயாளிகளிடம் கண்ட பலன் இன்னும் தெளிவானது. சிஸ்பிளாட்டின் அடங்கிய மருந்தைக் கதிர்வீச்சுடன் சேர்த்துக் கொடுத்தால் இறக்கும் அபாயம் 30 முதல் 50 விழுக்காடு குறைகிறது என, ஐந்து ஆய்வுகளைக் கொண்டு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1999-இல் அறிவித்தது.

மருந்து பொல்லாதது என்பதும் உண்மையே. குமட்டல், வாந்தி, சிறுநீரகப் பாதிப்பு, காது மந்தம் எல்லாம் வரலாம். அன்று பாட்டில் பாட்டிலாக உப்புநீர் ஏற்றுவது சிறுநீரகத்தைக் காக்கத்தான். வாந்தியை அடக்க இன்று நல்ல மருந்துகள் உள்ளன, கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாந்திக்கு அஞ்சித் தாமாகவே ஒரு வாரத்தை விட்டுவிட்டால், அந்த வாரக் கதிர் துணையின்றித் தனியே போராட வேண்டியதாகிறது.